சாந்தா அத்தைக்கு என்ன தேவை

வாங்க, உள்ள வாங்க. செருப்ப அங்கயே விட்டுடுங்க. வாடகை, தண்ணி, கரண்ட்டு எல்லாம் கீழ வீட்டுக்காரம்மா பேசியிருப்பாங்க, அதுல நான் தலையிடறதில்ல. ரூம மட்டும் காட்டறேன். இதுதான். ஜன்னல் கெழக்கால பாத்து இருக்கு, மத்தியானம் வெயில் அடிக்காது. கதவ மட்டும் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். சமையல்கட்டு ரெண்டு பேருக்கும் பொது.

இங்க இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேக்கறீங்க. கேக்கணும். யாரா இருந்தாலும் அதத்தான் மொதல்ல கேக்கணும். வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க? சண்டைன்னா? பாத்தீங்களா. சண்டையே நடக்கலங்க. ஒரு விதத்துல பாத்தா அதான் என் கஷ்டமே. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசி என் பக்கத்து நியாயத்தச் சொல்லியிருப்பேன்.

உக்காருங்க, டீ போடறேன். அஞ்சு நிமிஷம். நின்னுட்டே கேக்கற விஷயம் இல்ல இது. என்கூட ஒரே வீட்டுல இருக்கப் போறீங்க, அடுத்தவங்க வாயால கேக்கறதுக்கு என்கிட்டயே கேட்டுடுங்க.

இந்த ரூம்ல இருந்தவங்க செண்பகம் அக்கா. கோவில்பட்டிக்காரங்க. நாப்பத்தாறு வயசு. சீரியல்ல நடிச்சிட்டிருந்தாங்க. நீங்க சீரியல் பாப்பீங்களா? பாக்கலன்னாலும் அவங்க மொகத்தப் பாத்தா, அட இவங்களான்னு சொல்வீங்க. பேரு கேட்டா யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி நடிகை. கல்யாண வீட்டுல தட்டு தூக்கிட்டு வருவாங்க, ஆஸ்பத்திரி சீன்ல செவுத்தோரம் நின்னு முந்தானையால வாயப் பொத்திக்குவாங்க. வீட்டுக்காரர் போனப்புறம் ஒத்தைப் பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு மெட்ராஸுக்கு வந்தவங்க. அதுக்கு முன்னாடி நாடகக் கம்பெனியில இருந்தாங்களாம்.

நான் ரேணுகா. ஊரு திண்டிவனம். ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை பாத்துட்டிருந்தேன். எழுதணும்னு வந்தேன். சீரியலுக்கு எழுதணும். சிரிக்காதீங்க, எங்க வீட்டுலயும் எல்லாரும் சிரிச்சாங்க. சீரியல் எழுதறதுக்கெல்லாம் படிப்பான்னாங்க. இருக்குங்க. ஜெகதீசன் சார்னு ஒருத்தர், முன்னாடி பெரிய பெரிய தொடருக்கெல்லாம் எழுதினவரு, வடபழனியில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டு மாடியில சனி ஞாயிறு கிளாஸ் எடுக்கறாரு. அங்கதான் சேந்தேன்.

மொத வேலை என்ன குடுத்தாரு தெரியுமா? ஏதாவது ஒரு எபிசோட எடுத்துக்க, சத்தத்த அடைச்சிட்டுப் பாரு. பேச்சு காதுல விழக் கூடாது. ஒவ்வொரு சீனுக்கும் மூணு கேள்வி. வர்றவனுக்கு என்ன தேவை? அதுக்குத் தடை யாரு? சீன் முடியறப்போ என்ன மாறுச்சு? ஒண்ணும் மாறலன்னா அது சீனே இல்ல, வெட்டி அரட்டை, அடிச்சுத் தள்ளு. இதான் பாடம். நான் நாலு நோட்டு எழுதினேங்க. நாப்பது பக்க நோட்டு இல்ல, நூத்தித் தொண்ணூத்திரண்டு பக்கம். கிளாஸ்ல வேற யாரும் ஒரு நோட்டு கூட முடிக்கல. எந்தத் தொடரக் குடுத்தாலும் எங்க இழுக்கறான், எங்க ஓட்டை, யாரு வேண்டாத ஆளு, நான் பத்து நிமிஷத்துல சொல்லிடுவேன்.

ஆனா நானே ஒண்ணு எழுதிட்டுப் போனா மட்டும் சாருக்குப் புடிக்காது. ஒரு தடவ, ரெண்டு தடவ இல்ல, ஒம்போது தடவ திருப்பிக் குடுத்தாரு. கடைசியா, உனக்குப் பிரிக்கத் தெரியுதும்மா, சேக்க வரலன்னாரு. பிரிச்சாத்தானே சார் சேக்க முடியும்னேன். மிக்ஸியக் கழட்டிப் போட்டவன்லாம் சட்னி அரைச்சிட்டானான்னு கேட்டாரு. கிளாஸே சிரிச்சுது. நாலு நோட்டு எழுதினவளப் பாத்து ஒரு நோட்டு எழுதாததுங்க சிரிக்குது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அன்னையோட கிளாஸுக்குப் போறத நிறுத்திட்டேன்.

அந்த நேரம்தான் செண்பகம் அக்கா நடிக்கற தொடர்ல ஆள் கேட்டாங்க. தொடர் பேரு சொல்ல மாட்டேன், கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன். கதை இலாகாவுல ஒரு அசிஸ்டண்ட் வேணும். எங்க வீட்டுல ஒரு பிள்ள இருக்கா, ஒவ்வொரு எபிசோடையும் உக்காந்து கிழிகிழின்னு கிழிக்கான்னு அக்கா மேனேஜர்கிட்ட சொல்லியிருக்காங்க. சும்மா ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சிபாரிசுன்னெல்லாம் சொல்ல முடியாது. நான் நோட்ட எடுத்துட்டுப் போனேன், நோட்டு பேசிச்சு. வேலை கெடச்சுது.

என்ன வேலைன்னா, எழுதற வேலை இல்ல. ரிப்போர்ட் போடற வேலை. வாரா வாரம் நம்ம தொடர்ல எந்த சீனு நின்னுச்சு, எந்த சீனு படுத்துடுச்சு, போட்டி சேனல்ல அதே நேரத்துல என்ன போட்டான், எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். சரி, உள்ள நொழஞ்சாச்சு, என்னைக்காவது ஒரு சீன் எழுதக் குடுப்பாங்கன்னு இருந்தேன். அதுக்காக வீட்டுல மாதிரிக்கு ஒரு முழு எபிசோட் எழுதி வச்சிருந்தேன். அக்கா, கொஞ்சம் வாய் விட்டுப் படிங்களேன், வசனம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னேன். அவங்களும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இதோ இந்தக் கட்டில்ல உக்காந்து, மாமியார், மருமக, பால்காரன் எல்லாருக்கும் குரல் மாத்திப் படிச்சாங்க. நல்லாத்தான் படிச்சாங்க. முடிச்சிட்டுக் கண்ணாடியக் கழட்டி மடிச்சாங்க. அப்புறம், "ஏட்டி, இதுல எல்லாரும் உன்ன மாதிரியேல்லா பேசுதாங்க. பால்காரன் கூட"ன்னாங்க.

அதுக்கு என்ன சொல்றீங்க? நடிக்கறவங்களுக்கு எழுத்தப் பத்தி என்ன தெரியும்? நான் சரிக்கான்னு வாங்கி உள்ள வச்சிட்டேன். மனசுலயும் வச்சுக்கல. இத எதுக்கு இப்ப சொல்றேன்னா, இதுக்கும் அப்புறம் நடந்ததுக்கும் முடிச்சுப் போட்டு ஆபீஸ்ல ஒரு ஆளு பேசினாரு. சம்பந்தமே இல்லங்க. இது நடந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அது.

அது என்னன்னா, சேனல்ல மாலினி மேடம்னு ஒருத்தங்க, எங்க தொடருக்கு அவங்கதான் மேல. தொடர் நகர மாட்டேங்குது, வீட்டுக்குள்ள பதினாலு பேரு இருக்காங்க, யாரு எதுக்கு இருக்காங்கன்னே தெரியல, யாரக் கொறைக்கலாம்னு ஒரு ரிப்போர்ட் குடுங்கன்னாங்க. ஒரு ஃபார்மும் அவங்களே குடுத்தாங்க. பாத்திரம் பேரு. கடைசி அறுவது எபிசோட்ல எத்தனையில வருது. வசனம் எத்தனையில. தேவை என்ன. எடுத்தா கதை மாறுமா. அஞ்சு கட்டம்.

அக்கா அதுல சாந்தா அத்தை. வீட்டுப் பெரியவரோட தங்கச்சி, புருஷன் இல்லாதவ, அண்ணன் வீட்டோட இருக்கறவ. நான் கணக்கா எண்ணிப் போட்டேன். நாப்பத்தொரு எபிசோட்ல வர்றாங்க. முப்பத்திமூணுல ஒரு வார்த்தை கூடக் கெடையாது. பின்னாடி நிக்கறாங்க, காபி கொண்டு வர்றாங்க, போறாங்க. தேவை என்ன? யோசிச்சேன். நெஜமாவே உக்காந்து யோசிச்சேங்க. இல்லைன்னு எழுதினேன். எடுத்தா கதை மாறுமா? மாறாது.

வேற என்ன எழுதறது? கூட இருக்கறவங்கன்னு அந்தப் பேர மட்டும் விட்டுட்டா அது வேலைக்குத் துரோகம் இல்லையா? ஒரு விதத்துல பாத்தா, தெரிஞ்சவங்கன்னு பாக்காம எழுதினேன் பாருங்க, அதுக்குத்தான் என்னப் பாராட்டணும்.

மாலினி மேடம் படிச்சாங்க. சாந்தா அத்தையா, அது யாருன்னு கேட்டாங்க. போட்டோவக் காட்டினதும், ஓ, இவங்களா, சரி, இவங்கள முடிச்சிடலாம், ஒரு சாவு வச்சா ரெண்டு எபிசோட் அழுக நிக்கும்னாங்க. டயலாக் எழுதறவரு பொண்ணு கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தாரு. மேடம் என்னத் திரும்பிப் பாத்து, நீயே எழுதேன் ரேணுகா, உனக்குத்தான் அந்தக் கேரக்டர் நல்லாத் தெரியுமேன்னாங்க.

எனக்கு மொத சீன். மூணு வருஷம், நாலு நோட்டு, அதுக்கப்புறம் மொத சீன். அது சாவா இருந்தா என்ன, கல்யாணமா இருந்தா என்னங்க? கோடம்பாக்கம் பாலத்து மேல பஸ் நின்னுட்டிருக்கு, நான் ஜன்னல்ல மொகத்த வச்சுக்கிட்டு சிரிக்கறேன். பக்கத்துல இருந்த அம்மா என்ன ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

அக்காகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். செவ்வாக்கெழம வந்தா அவங்களுக்குத் தலைவலி, துண்டக் கட்டிட்டுப் படுத்திருந்தாங்க. புதன்கெழம எனக்கு எழுத்து நல்லா ஓடிட்டிருந்துச்சு, நடுவுல நிறுத்தினா போயிடும். வியாழக்கெழம அவங்களுக்குப் பேத்தி பொறந்த சேதி வந்துடுச்சு, மைசூர்பாகு வாங்கிட்டு வந்து என் வாயில போடறாங்க. அன்னைக்கு எப்படிங்க சொல்றது? வெள்ளிக்கெழம சொல்லியிருக்கலாம். மறுநாள் ஷூட்டிங், அங்கயே தெரிஞ்சிடப் போவுது, அத எதுக்கு நான் ஒரு தடவ சொல்லணும்னு விட்டுட்டேன்.

புதன்கெழம ஒண்ணு கேட்டேன். ஏங்க்கா, சாவப் போற நேரத்துல ஒருத்தங்க என்னக்கா பேசுவாங்கன்னு. யாருக்குன்னு அவங்க கேக்கல. கொத்தவரங்காய நறுக்கிட்டே சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரரு போறப்ப ஒண்ணும் பேசலட்டி. வயக்காட்டு மோட்டார நிப்பாட்டிட்டியான்னு கேட்டாரு. நிப்பாட்டிட்டேன்னேன். அவ்வளவுதான்." அப்படின்னாங்க. இதுல என்ன இருக்குன்னு நான் குறிச்சுக்கல. மோட்டார வச்சு எப்படி ஒரு சீன் முடிக்கறது?

நான் எழுதினது ரெண்டரைப் பக்கம். சாந்தா அத்தை படுத்திருக்கா, சுத்தி எல்லாரும். அறுவது எபிசோட்ல பேசாததையெல்லாம் அன்னைக்குப் பேசறா. ஒவ்வொருத்தரையா கூப்புட்டு, கணக்குத் தீக்கறா. தேவையே இல்லாத ஒரு பாத்திரத்துக்குக் கடைசி சீன்ல ஒரு தேவையக் குடுத்தேன், பாருங்க, சார் கிளாஸ்ல சொன்னதுதான். எழுதி முடிச்சு நானே அழுதுட்டேன்.

சனிக்கெழம காலையில வளசரவாக்கத்துல ஷூட்டிங் வீடு. நான் மொதல்லயே போயிட்டேன். எழுதினவங்கன்னு எனக்கு ஒரு சேர் போட்டாங்க. அக்கா மேக்கப் முடிச்சு வந்தாங்க, என்ன அங்க பாத்ததும், இங்க எங்கட்டின்னு சந்தோஷமாத்தான் கேட்டாங்க. அதுக்குள்ள அசிஸ்டண்ட் டைரக்டர் வந்து அவங்க கையில பேப்பரக் குடுத்தாரு. நின்னுட்டே படிச்சாங்க. மொதப் பக்கம் படிக்கறப்போ மொகம் ஒண்ணும் ஆகல. சாகப் போறோம்னு தெரிஞ்சுது, சரி, நடக்கறதுதானே, எத்தனையோ தொடர் பாத்தவங்க. ரெண்டாவது பக்கம் திருப்பினாங்க. அதுல ஒரு வரி. "ஒரு விதத்துல பாத்தா நான் வாழ்ந்ததே இந்த வீட்டுக்காகத்தான் அண்ணா." அந்த எடத்துல நின்னு, தலையத் தூக்கி, என்னப் பாத்தாங்க.

அது எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. பேப்பர்ல என் பேரு கூடக் கெடையாது.

டைரக்டர்கிட்டப் போயி, சார், இவ்வளவு பேசிட்டு யாரும் சாவ மாட்டாங்க, ஒரு தடவ நான் எம்போக்குல பண்ணுதேன், சரியில்லன்னா இந்தப் பேப்பர்ல உள்ளத அப்படியே சொல்லுதேன்னாங்க. அவரும் மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்னு அவசரத்துல, சரி பண்ணுங்கன்னுட்டாரு. ரெண்டரைப் பக்கம் பேசறதுக்கு இது நேரம் மிச்சம் பாருங்க.

படுத்தாங்க. கேமரா ஓடுது. எல்லாரும் சுத்தி நின்னு அழுவுறாங்க. அக்கா யாரையும் பாக்கல. ஒவ்வொருத்தரையா கூப்புடல. ரொம்ப நேரம் மேல பாத்துட்டுக் கெடந்தாங்க. அப்புறம் மூக்க லேசா உறிஞ்சினாங்க, ஏதோ வாசன வர்ற மாதிரி. தலைய அடுப்படிப் பக்கம் திருப்பி, கடைசி மருமகப் பொண்ணப் பாத்து, மெதுவா, "பால் பொங்கிடப் போகுது"ன்னாங்க. அவ்வளவுதான். கண்ணு அப்படியே நின்னுடுச்சு.

ரெண்டாவது மகனா நடிக்கற பையன் நெஜமாவே அடுப்படியத் திரும்பிப் பாத்துட்டான். அங்க அடுப்பே கெடையாதுங்க, ஷூட்டிங்குக்கு விடற வீடு அது. லைட்டு புடிக்கறவங்க எல்லாம் நின்ன எடத்துலயே நிக்கறாங்க. ஓகே ஆயிடுச்சு. இன்னொரு டேக் கூடப் போகல.

என் ரெண்டரைப் பக்கத்த என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. டீ கிளாஸுக்கு அடியில கெடந்துச்சு.

நான் ஒண்ணு கேக்கறேன். அந்த அத்தைக்கு அப்படி ஒரு மனசு இருக்குன்னா, அந்த வீட்டுல பாலு பொங்கி வழிஞ்சிடக் கூடாதுங்கறதுதான் அவளோட தேவைன்னா, அத அறுவது எபிசோட்ல எப்பயாவது காட்டியிருக்கலாம் இல்ல? காட்டியிருந்தா நான் அந்தக் கட்டத்துல எழுதியிருக்க மாட்டேனா? சும்மா நின்னுட்டு இருந்துட்டு கடைசியில வந்து இப்படிப் பண்ணா, ரிப்போர்ட் எழுதினவ என்ன பண்ணுவா?

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாங்க. குளிச்சிட்டு, கண்ணாடியப் போட்டுட்டு வந்து, அந்த ரிப்போர்ட்ட எடுட்டின்னாங்க. யாரோ சொல்லியிருக்காங்க. குடுத்தேன். மறைக்க என்ன இருக்கு? இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்து படிச்சாங்க. அவங்க பக்கத்த மட்டும் படிக்கல. பதினாலு பேரோடதையும் வரி வரியாப் படிச்சாங்க. தேவை இல்லைங்கற எடத்துல வெரல வச்சாங்க, எடுத்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"நாப்பத்தொண்ணுன்னு எண்ணியிருக்க. நான் எப்படி நடிச்சேன்னு எங்கயாவது எழுதியிருக்கியாட்டி?"

அதுக்குக் கட்டம் இல்லக்கான்னேன்.

இல்லைங்க, நெஜமாவே இல்ல. வேணும்னா ஃபார்ம எடுத்துக் காட்டறேன். அஞ்சு கட்டம்தான். அவங்க அத நாலா மடிச்சு என்கிட்ட நீட்டினாங்க. சோறு வடிச்சாச்சா, சாப்புடுதியான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சாப்புட்டோம். மாசக் கடைசியில பெட்டியக் கட்டிட்டு, கேஸ் புக் பண்ணிருக்கேன், வந்தா வாங்கி வைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதச் சண்டைன்னு யாராவது சொல்வாங்களா?

இதோட முடிஞ்சிருந்தா பரவால்லங்க. அந்த எபிசோட் ஓடுச்சு. ஓடுச்சுன்னா சாதாரணமா இல்ல. அந்த ஒரு வரிய ஆளாளுக்கு செல்லுல வெட்டி வெட்டிப் போடறாங்க. எங்கம்மா இப்படித்தான் போனாங்கன்னு ஒருத்தரு, எங்க பெரியம்மா இப்படித்தான்னு ஒருத்தரு. சாந்தா அத்தைய ஏன் கொன்னீங்கன்னு ஆபீஸுக்குப் போன் மேல போன். மாலினி மேடம் என்னக் கூப்புட்டு, யாரு இந்தப் பாத்திரத்த எடுக்கலாம்னு எழுதினதுன்னு கேக்கறாங்க. அவங்க கேட்டு, அவங்க குடுத்த ஃபார்ம்ல எழுதினேன். இப்ப நான்தான் குத்தவாளி.

கடைசியில, சாந்தா அத்தைக்கு ஒரு கூடப்பொறந்தவ இருக்கா, அச்சா அதே மொகம், இத்தன வருஷம் காசியில இருந்தா, சாவு சேதி கேட்டு வர்றான்னு ஒரு வழி பண்ணாங்க. பின்னாடி நிக்கற வேஷம் இல்ல, கதையே அவங்க மேலதான் போகும். அக்காவ வரச் சொல்லணும். கூடவே இருந்தவ நீதானே, நீ போய்க் கூட்டிட்டு வான்னு என்ன அனுப்பினாங்க.

போனேங்க கோவில்பட்டிக்கு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி விசாரிச்சுக்கிட்டுப் போனா, வாசல்ல பேத்தியக் கால்ல போட்டுக் குளிப்பாட்டிட்டிருந்தாங்க. என்னப் பாத்து ஆச்சரியமெல்லாம் படல. வாட்டி, உக்காருன்னாங்க. புள்ளையத் தொடச்சு, சாம்பிராணி காட்டி, பொண்ணுகிட்டக் குடுத்துட்டு, எனக்கு இட்லி வச்சாங்க. நான் சாப்புட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அந்தக் காசி தங்கச்சிக்கு என்ன தேவை, என்ன தடை, எல்லாம். நல்லாக் கேட்டாங்க. அவங்க கண்ணு ரெண்டும் எப்படி ஆச்சுன்னு நான் பாத்தேன். அத்தன வருஷம் செவுத்தோரம் நின்ன மனுஷிக்கு எப்படி இருக்கும்?

"வாரேன்"ன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம், "ஒண்ணே ஒண்ணு. எனக்கு நீ எழுதக் கூடாது. அத மட்டும் ஆபீஸ்ல சொல்லிரு"ன்னாங்க.

கோவமாச் சொன்னா பரவால்ல. இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கவான்னு கேக்கற மாதிரி சொன்னாங்க. சொல்லிட்டு சட்னியும் வச்சாங்க.

நீங்களே சொல்லுங்க. நான் அந்த ரிப்போர்ட்டே எழுதலன்னா அவங்க இன்னைக்கும் காபி டம்ளரோட நின்னுட்டிருப்பாங்க. ஒரு விதத்துல பாத்தா அவங்களுக்கு இந்தப் பேரு வந்ததே என்னாலதான். நன்றி சொல்லலன்னாலும் போவுது, இப்படி ஒரு வார்த்தையா? அத நானே வாயில போட்டுக்கிட்டு பத்து மணி நேரம் பஸ்ல வந்து, மேடம், எனக்கு எழுத வராதுன்னு அவங்க சொல்றாங்கன்னு நானே சொல்லணுமா?

ஆபீஸுக்குப் போனேன். என்ன சொன்னாங்கன்னு மேடம் கேட்டாங்க. பேத்தியப் பாத்துக்கணுமாம் மேடம், வர்ற மாதிரி இல்லன்னு சொன்னேன்.

பேத்தியப் பாத்துக்கறாங்கதான். அது பொய் இல்ல. கண்ணால பாத்துட்டுத்தானே வந்தேன்.

சரின்னுட்டாங்க. அதே மொகம் வேணும்ங்கறப்போ வேற ஆளையும் போட முடியாது. காசி தங்கச்சிய அப்படியே தூக்கிட்டாங்க. போகட்டும், எழுதறதாவது எனக்கு வரும்னு பாத்தா, டயலாக் எழுதறவரு மதுரையில இருந்து வந்துட்டாரு. நான் மறுபடி ரிப்போர்ட். இந்த வாரம் நம்ம தொடர் ஏன் எறங்கிடுச்சுன்னு ரிப்போர்ட். எழுதிட்டிருக்கேன்.

போன வாரம் அக்காகிட்டேந்து செல்லுல ஒரு வரி வந்துச்சு. "ஆபீஸ்ல என்ன சொன்னாங்கட்டி"ன்னு. நேத்து மறுபடி ஒண்ணு. "பொண்ணுகிட்ட பாப்பாவ விட்டுட்டு வாரதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே தெரிஞ்சா நல்லா இருக்கும்." பெட்டிய ரெடியா வச்சிருப்பாங்க போல. பதில் எட்டு விதமா எழுதிப் பாத்துட்டேன். எல்லாமே நான் பேசற மாதிரியே இருக்கு.

ஏங்க, எந்திரிச்சிட்டீங்க? டீயக் குடிக்கவே இல்லயே.

சரி. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா. சரி. தெரியும், எல்லாரும் அதான் சொல்றாங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. மூணு பேருக்கும் ரூம் புடிச்சிருந்துச்சு. ஜன்னல் நல்லா இருக்குன்னாங்க. உக்காந்து முழுசாக் கேட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. செருப்பப் போட்டுக்கிட்டே சொன்னாப் போதும். எந்த எடத்துல உங்களுக்கு என்னப் புடிக்காமப் போச்சு? ரிப்போர்ட் எழுதினதா? நாலு நாளு சொல்லாம இருந்ததா? கோவில்பட்டியில இருந்து வந்து மேடம்கிட்டச் சொன்னது பாருங்க, அதுவா? நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். நாலு மணிக்கு இன்னொருத்தங்க ரூம் பாக்க வர்றாங்க. அவங்களுக்குச் சொல்றப்போ அந்த எடத்த எடுத்துடறேன்.